தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஃபீல்டு கேம்ப் இரவில் பிள்ளைகளிடம் கொடுக்க, பெற்றோர் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி உங்கள் ராணுவக் கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள். அப்பா அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டார். நான் மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும்போது நீ படுத்துப் பதுங்கும் ஷெல் ஸ்கிரேப் குழியைத் தோண்டி முடித்திருப்பாய். போன வாரம் வீட்டுக்கு வந்தபோதே உன் வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். ரசம் சாதத்தை இரண்டு விரலால்தான் பிசைந்தாய். கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாய், அதனால் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, "மணிக்கணக்கா வெயில்ல மார்ச்சிங். எதுக்கும்மா இது? சண்டையில யாரு மார்ச் பண்ணப் போறா?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. நீ முகாமுக்குத் திரும்பி புக் இன் செய்த பிறகு, பாத்திரம் கழுவும்போதுதான் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரைக் காக்கச் சண்டையிட்ட அட்னான் சைடியின் ஞாபகம் வந்தது.

தொடக்கப்பள்ளியில் உனக்கு அந்தப் பாடம் இருந்தது. பரீட்சைக்கு நான்தான் மனப்பாடம் செய்ய வைத்தேன்: லெப்டினன்ட் அட்னான், புக்கிட் சண்டு, பிப்ரவரி 14, 1942, கடைசி வரை போராடினார். தப்பில்லாமல் சொன்னதும் மைலோ கலக்கிக் கொடுத்தேன். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மலாயாவில் இருக்கும் காஜாங்கில் 1915-ல் பிறந்தவர். நன்றாகப் படித்தார். படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி ஆசிரியராக இருந்துவிட்டு, 18 வயதில் பிரிட்டிஷ் படையின் மலாய் ரெஜிமென்டில் சேர்ந்தார். உன்னைவிட ஒரு வயது சின்னவர் அப்போது. அடுத்த வருடமே சிறந்த புதிய வீரர் என்று பெயர் வாங்கினார். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு 1937-ல் முடிசூட்டு விழா நடந்தபோது லண்டன் அணிவகுப்புக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். அதாவது, நீ சலித்துக்கொள்கிற அதே மார்ச்சிங்கில் தேறியவர்.

அப்புறம் அதிகாரியாகி, மனைவி பிள்ளைகளோடு சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங்கில் குடியிருந்தார். 1941 டிசம்பரில் போர் நெருங்கியதும் குடும்பத்தைக் காஜாங்குக்கே அனுப்பிவைத்தார். மனைவி அப்போது மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு மேலே படிக்க முடிவதில்லை.

பிப்ரவரி 13 நள்ளிரவில் அவருடைய சி கம்பெனியைப் புக்கிட் சண்டு குன்றுக்குப் போகச் சொன்னார்கள். மலாயில் அதற்கு அபினிக் குன்று என்று அர்த்தம், அடிவாரத்தில் முன்பு அபினித் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர். பின்னால் இருந்த பெரிய வாய்க்காலில் எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது, பின்வாங்க வழியில்லை. மறுநாள் மதியம் பஞ்சாபிச் சிப்பாய்கள் போலத் தலைப்பாகை கட்டிய ஒரு கூட்டம் வரிசையாக ஏறி வந்தது. பார்த்தால் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் நான்கு நான்கு பேராக நடந்து வந்தார்கள். பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராகத்தான் நடப்பார்கள். அட்னான் அதைக் கவனித்துவிட்டார், சுடச் சொன்னார். வந்தவர்கள் ஜப்பானியர்கள்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான், தம்பி. கால் பழகினால் கண்ணும் பழகிவிடுகிறது போலிருக்கிறது. ஒரு வரிசை தப்பாக இருப்பது அவர் கண்ணுக்கு உடனே பட்டதால், அவரை நம்பி இருந்த பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தது.

கொஞ்ச நேரம்தான். ஜப்பானியர்கள் பெரும் படையோடு திரும்பி வந்தார்கள். தோட்டா தீர்ந்து கைச்சண்டை வரைக்கும் போனது. காயம் பட்ட பிறகும் அட்னான் குன்றை விட்டுப் போகவில்லை. பிடித்து, கொடூரமாகக் கொன்றார்கள். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. வருடா வருடம் பிப்ரவரி 15 மாலை 6.20-க்குச் சங்கு ஒலிக்கிறதே, அது அந்த நேரம்தான்.

'பியார் புத்தே துலாங், ஜாங்ஙான் புத்தே மாத்தா' என்று மலாயில் அட்னான் சொன்னதாகச் சொல்வார்கள். மேல்மாடி மலாய் அம்மா, நம் மக்சிக்கிடம் அர்த்தம் கேட்டேன். எலும்பு வெளுத்தாலும் பரவாயில்லை, கண் வெளுக்கக் கூடாது. அவமானத்தோடு வாழ்வதைவிடச் சாவது மேல் என்று விளக்கினார். சொல்லிவிட்டு, "உன் பையன் எப்படி இருக்கான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனும் தெக்கோங்கில் இருந்து வந்தவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனேன். வெள்ளைக் கல்லறைகள் மட்டும் 4,400-க்கு மேல். கல்லில் வயதும் போட்டிருக்கிறது: 20, 22, 19. பத்தொன்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மேலே, கல்லறை இல்லாதவர்கள் 24,000 பேருக்கு மேல், பெயர்களாகச் சுவர் சுவராக இருக்கிறார்கள். அட்னானும் அங்கேதான். மலாய் ரெஜிமென்ட் பகுதியைக் கண்டுபிடித்து அவர் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். வெயிலில் கல் சூடாக இருந்தது, எழுத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. பூப்போட ஒரு கல்லறைகூட அந்த மனைவிக்குக் கிடைக்கவில்லை.

உன்னை அவரைப் போல ஆகச் சொல்லி இதை எழுதவில்லை. எந்த அம்மாவுக்கும் அப்படிச் சொல்ல மனசு வராது. அவரைப் பற்றி உனக்கு நான்கு துண்டாகச் சொல்லிக் கொடுத்தது தப்பு என்று பட்டது. மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சரி, நேரமாகிறது, படுத்துக்கொள். காலுக்குப் பவுடர் போடு. கடிதத்தை ஜிப்லாக் பையில் வை, ராத்திரி மழை வரும் என்கிறார்கள். சனிக்கிழமை அப்பா பாசிர் ரிஸ்ஸுக்குக் காரோடு வந்து நிற்பார். ரசம் வைத்திருப்பேன். கை ஆறியிருக்கவில்லை என்றால் நானே ஊட்டிவிடுகிறேன்.

அம்மா