ஓவியத்துக்குப் பக்கத்து அறை

ஆசிரியருக்கு வணக்கம்.

எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய நகரமான பாம்பெய் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளித் தட்டில் தட்டை ரொட்டியும் பக்கத்தில் மதுக்கிண்ணமும் தீட்டிய சுவரோவியத்தைப் பெரிதாக அச்சிட்டு, பீட்சாவின் மூதாதை என்று வியந்திருந்தார் கட்டுரையாளர். படம் அழகுதான். ஆனால் அந்த வீட்டில் ரொட்டி செய்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது என்னை மிகவும் உறுத்துகிறது.

2023 ஜூனில் செய்தியான அந்த ஓவியம் இருந்த வீட்டிலேயே ஓர் அடுமனையும் இருந்தது. அதன் மாவரைக்கும் பகுதியைப் பற்றி அதே ஆண்டு டிசம்பரில் அகழாய்வாளர்கள் அறிவித்தார்கள். இருட்டான, இடுக்கமான அறை. உயரத்தில் சின்னஞ்சிறு சன்னல்கள். அவற்றிலும் இரும்புக் கம்பிகள். தெருவுக்குக் கதவு கிடையாது. இருந்த ஒரே வாசல் வீட்டுக்காரரின் கூடத்தில்தான் திறந்தது. அவர் கண்ணில் படாமல் யாரும் வெளியே போயிருக்க முடியாது. கண்களைக் கட்டிய கழுதைகள் செக்குமாடுகளைப்போல எந்திரக்கல்லைச் சுற்றின. அவை வழுக்காமலும் ஒன்றோடொன்று மோதாமலும் நடக்கத் தரைக்கல்லில் வரிசையாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கழுதைகளோடு அடிமைகளையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள் என்பது அகழாய்வாளர்களின் முடிவு. குழி வெட்டும் அளவுக்குக் கழுதையின் காலைப் பற்றி யோசித்தவர்கள், மனிதருக்குக் கொடுத்தது கம்பிச் சன்னலைத்தான்!

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் லத்தீன் எழுத்தாளர் அப்புலேயஸ் தம் கதையில் இத்தகைய மாவாலை அடிமைகளைக் காட்டுகிறார்: நெற்றியில் சூடுபோட்ட எழுத்து, பாதி மழித்த தலை, காலில் வளையம், புகையில் புண்ணான இமைகள், உடம்பெங்கும் மாவுத்தூள்.

ரோமில் அடுமனை நடத்திப் பெரும் பணம் சேர்த்த யூரிசாசெஸின் கல்லறையைக் காட்டி, உழைத்தவர் உயர்ந்த சமூகம் அது என்கிறார் கட்டுரையாளர். இதை என்னால் ஏற்க முடியவில்லை. யூரிசாசெஸே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவர் உயர்ந்தார், சரி. அதே கல்லறையின் மேல்வரிசைச் சிற்பத்தில் மாவு பிசைகிறவர்கள், ரொட்டி உருட்டுகிறவர்கள், அடுப்பில் வைக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவருக்கும் பெயர் பொறிக்கப்படவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த வீட்டின் வரைபடத்தையும், ஓவியத்துக்குக் கொடுத்த அதே அளவில் கம்பிச் சன்னலின் படத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்