ப்ராஜெக்ட் ரிவ்யூ பற்றி செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். தை பிறந்ததும் சரியாக அமையும் என்று வீட்டில் நம்பிக்கையாக இருக்கிறார்கள்.

உங்கள் பம்ப் கம்பெனிக்கு இன்டர்வியூ வந்த பையனைப் பற்றி எழுதியிருந்தாய். பம்ப்பைக் கழற்றிப் போட்டால் அழகாக மாட்டிவிடுகிறான், அதற்குள் சுழலும் இம்பெல்லரைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் வாயடைத்து நிற்கிறான், காலேஜில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று. கோபமாகக் கேட்டிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் இப்போது ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கிறது, அதனால் எனக்கும் இதே சிந்தனை.

என்னிடம் ஒரு குழு வாழைநாரை ரெசின் என்ற பசையில் பதித்துக் காம்போசிட் செய்கிறது. அதில் களக்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். வாழைத்தோட்டத்திலேயே வளர்ந்தவன், பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ரிவ்யூவில் 'குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்' என்று நன்றாகத்தான் தொடங்கினான். மூன்றாவது ஸ்லைடில், மார்க் போடும் பேனலில் இருந்த ஒருவர் குறுக்கே புகுந்து, நாரின் அளவு 40 சதவீதம் ஆனதும் ஸ்ட்ரெங்த் ஏன் குறைகிறது என்று கேட்டார். பையனுக்கு மனப்பாடம் அறுந்துவிட்டது. மறுபடி முதல் வரியிலிருந்து ஒப்பிக்கப் போனான், முடியாமல் நின்றுவிட்டான். 'பேசிக் கூட தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

மதியம் அவனை டெஸ்டிங் மெஷின் பக்கத்தில் நிறுத்தி அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். உடைந்த துண்டைக் கையில் எடுத்தான். "சார், நார் அதிகமானா ரெசின் எல்லா நாரையும் நனைக்காது. உள்ளே காத்து நிக்கும். பாருங்க, இங்க நார் ஒடையல, உருவிக்கிட்டு வந்திருக்கு" என்று உடைந்த முனையைக் காட்டினான். இதற்கு மேல் வெளியிலிருந்து வரும் ஒரு எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்கு என்ன பதில் வேண்டும் சொல்?

டெக்னிக்கல் வார்த்தை தெரியாமல் இவர்கள் யாரும் தவிப்பதில்லை. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், முறுக்குவிசையைச் சொல்லும் டார்க் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் நாங்கள் நடத்துவதே 'லோடு கூடக் கூட டிஃப்லெக்ஷன் கூடும், ஏன்னா...' என்றுதான். பொருளின் பெயரெல்லாம் இங்கிலீஷ், வினையும் இணைப்பும் தமிழ். அப்படி நடத்தினால்தான் புரிகிறது, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் 'இதுவரை ஏறி அதற்குப் பிறகு இறங்குகிறது', 'அதோடு ஒப்பிட்டால் இது மேல்', 'இதனால்தான் அப்படி ஆனது' என்பதையெல்லாம் இங்கிலீஷில் யாரும் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. கிராஃபைக் காட்டிப் பேசுவதற்கு வேண்டியது முழுக்க இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் ப்ரொஃபஷனல் இங்கிலீஷ் முதல் இரண்டு செமஸ்டரில் முடிந்துவிடுகிறது. ப்ராஜெக்ட் எட்டாவது செமஸ்டரில். இடைப்பட்ட காலத்தில் மாணவன் வாய் திறந்து பேசும்படி அநேகமாக எந்த வகுப்பும் கேட்பதில்லை.

அப்புறம் ஸ்லைடு. ஜர்னலில் இருப்பதை அப்படியே ஒட்டுகிறார்கள். 'த ஸ்பெசிமென்ஸ் வேர் ஃபேப்ரிகேட்டட் பை ஹேண்ட் லே-அப் டெக்னிக்' என்பது கண்ணால் படிக்க எழுதியது. ஃபேப்ரிகேட்டடில் நாக்கு இடறினால் பின்னால் வருவது எல்லாம் போய்விடும். 'வீ கட் த ஃபைபர். வீ சோக்ட் இட் இன் என்ஏஓஹெச்', அதாவது நாரை வெட்டினோம், காரக் கரைசலில் ஊறவைத்தோம் என்றால் போதாதா? அப்படிச் சொன்னால் பேனலுக்கு மட்டமாகப் படுமோ என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை ஊட்டியது நாங்கள்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

இதே ரிவ்யூவில் இன்னொரு குழு, பேட்டரி கூலிங் பற்றி, சரளமான இங்கிலீஷ். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, மார்க் அள்ளிப் போட்டார்கள். பிறகு நான் தனியாகக் கேட்டபோது, தங்கள் கிராஃபின் ஒய் ஆக்சிஸ் என்ன என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியபோது நாம் விடிய விடியப் பேசினோமே, நினைவிருக்கிறதா? வேலைக்கு என்ன செய்வார்கள் என்றாய் நீ. 2021-இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இன்ஜினியரிங்கிலும் வந்த பிறகு, இந்தப் பையனைப் போன்றவர்கள் எங்கள் வகுப்பில் கூடியிருக்கிறார்கள். மனசுக்கு நிறைவான மாற்றம் இது. இங்கிலீஷும் அவர்களுக்கு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. விஷயத்தைத் தமிழில் சொல்லத் தெரிந்தவனிடமிருந்து அதை இங்கிலீஷில் வரவைப்பது எளிது.

இப்போது முதலில் மெஷின் முன்னால் நிறுத்தித் தமிழில் பேச வைத்து, அவர்கள் போனிலேயே ரெக்கார்ட் செய்கிறேன். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்ற வேண்டும். ஸ்லைடில் படமும் கிராஃபும் மட்டும். மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், அதற்குத்தான் பயிற்சியே தேவை. களக்காட்டுப் பையன் நேற்று, 'ஆஃப்டர் தர்ட்டி பர்சென்ட், ரெசின் இஸ் நாட் இனஃப் ஃபார் ஆல் த ஃபைபர். ஸோ ஃபைபர் கம்ஸ் அவுட்' என்றான். இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். எந்த ஊர் இன்ஜினியருக்கும் புரியும்.

அடுத்த ரிவ்யூ மார்ச்சில். வெளியிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவரைப் பேனலுக்கு அழைக்கலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். நீ வா. கேள்வி கேட்டுவிட்டு அரை நிமிடம் காத்திரு, பதில் பாதி தமிழில் வந்தாலும் முழுதாகச் சொல்ல விடு. அப்படியே இன்டர்வியூவிலும் மாட்டிக் காட்டும் பையனைப் பம்ப் பக்கத்திலேயே நிறுத்திப் பேசச் சொல்லிப் பாரேன். தேதி முடிவானதும் எழுதுகிறேன். லாட்ஜ் எதுவும் போடாதே, வீட்டில்தான் தங்க வேண்டும். தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்