சத்தம் கேட்கவில்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப்போல இன்னொரு வெள்ளம் வந்து செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால், உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசும் ஹாம் ரேடியோதான் கைகொடுக்கும். ஆனால் சாதாரண நாளிலேயே ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறிப் பேசும் பழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. பெரும்பாலும் இது திமிர் அல்ல. தனக்குக் கேட்காததால் அலைவரிசை காலி என்று நினைத்துக்கொள்வதுதான்.

வேலூரைச் சுற்றி மலைகள். கையடக்க செட்டில் நேரடியாகப் பேசும்போது மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் உங்களுக்குக் கேட்கமாட்டார். காட்பாடி மொட்டைமாடியில் இருப்பவருக்கோ இருவருமே கேட்பீர்கள். இந்த செட்கள் பேசும் எஃப்எம் முறையில் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும், சமமாக இருந்தால் வெறும் கரகரப்பு. 7 மெகாஹெர்ட்ஸில் சில ராத்திரிகள் டெல்லி கணீரென்று கேட்கும், மதுரை கேட்காது. அதனால் ஸ்குவெல்ச்சை (மெல்லிய சிக்னலையும் இரைச்சலையும் அடக்கும் வசதியை) திறந்துவைத்து அரை நிமிடமாவது கேளுங்கள். பிறகு கால்சைன் (உரிமத்தில் தந்த அடையாளக் குறி) சொல்லி, "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று சில விநாடி இடைவெளியில் இருமுறை கேளுங்கள். மோர்ஸ் குறியீட்டில் என்றால் 'கியூஆர்எல்?' (இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா?) போதும். ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையத்தில்) ஒருவர் முடித்ததும் 2 விநாடி விட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவசரச் செய்தி உள்ளே நுழைய முடியும்.

7 மெகாஹெர்ட்ஸில் எல்எஸ்பி முறையில் (டயல் எண்ணுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் குரலை அனுப்பும் முறை) பேசுவோர் ஒரு கணக்கை மறக்கிறார்கள். டயலில் 7.100 இருந்தால் குரல் அதற்குக் கீழே சுமார் 7.097 வரை இறங்கும். ஆகவே பக்கத்து உரையாடலிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸாவது தள்ளி நில்லுங்கள். டயலை 7.001-ல் வைத்தால் குரல் 7.000-க்குக் கீழே, நமக்கு உரிமையில்லாத இடத்தில் போய் விழும். மைக் கெயினை (மைக்கின் ஒலி அளவை) முறுக்கிவைத்தால் 3 கிலோஹெர்ட்ஸும் போதாது, சிதறல் இருபுறமும் பரவும். செட்டைச் சோதிக்க ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடு போதும். ஆன்டெனாவை ட்யூன் செய்தே ஆகவேண்டுமென்றால் 5, 10 வாட்டில், யாரும் பேசாத அலைவரிசையில் செய்யுங்கள். பிறர் பேச்சின் நடுவே ட்யூன் செய்யும் சத்தத்தால் விசிலடிப்பது என்ன நாகரிகம்?

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அது நம் வானத்தைக் கடக்க அதிகம் போனால் சுமார் 10 நிமிடம். அப்போது மாடியிலிருந்து ஒருவர் அதே அலைவரிசையில் 5 வாட்டில் பேசினால், 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரல் பக்கத்துத் தெரு மாணவனுக்குக் கேட்காது. 145.800 முதல் 146 வரை செயற்கைக்கோள்களுக்கென்று விட்டுவைத்த இடம். ஊர்க்கதை பேச அதற்குக் கீழே எத்தனையோ கிலோஹெர்ட்ஸ் சும்மா கிடக்கிறது.

ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்,
வேலூர்.