வேனும் ஒரு தேநீரும்

ஆசிரியருக்கு,

கப்பலில் ஆயிலராக (எஞ்சின் அறைத் தொழிலாளியாக) 22 வருடம் ஓடிவிட்டு இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். கப்பல்காரன் என்றால் ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறவன் என்றே பலரும் நினைக்கிறார்கள். எங்கே? கன்டெய்னர் கப்பல் அரை நாளில் கிளம்பிவிடும். அதற்குள் எஞ்சின் வேலை, அப்புறம் தூக்கம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு ஜனவரி இரவு. துறைமுகத்துக்குள் இருக்கும் டுக்டால்பன் மாலுமிகள் மன்றத்திலிருந்து வேன் வந்தது. 1986 முதல் நடக்கும் இடம். ஓட்டி வந்தது சம்பளமில்லாத தொண்டர், எழுபது வயதுப் பெரியவர். அங்கே சிம் கார்டு வாங்கி வீட்டுக்குப் பேசினேன். மகளுக்கு அன்று மூன்றாவது பிறந்தநாள். மாடியில் எல்லா மதத்தாருக்கும் வழிபாட்டு மூலை உண்டு. யாரும் மதம் பேசவில்லை, சூடாகத் தேநீர் தந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு துறைமுகத்தில் (பெயர் வேண்டாம்) துறைமுக வாசல் வரை போக டாக்சிக்காரர் கேட்ட பணம் என் இரண்டு நாள் சம்பளம். அதைக் கேட்டதும் திரும்பி வந்து கேபினிலேயே படுத்துக்கொண்டேன்.

கரையில் மாலுமிகளுக்கு நலவசதி வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியாவும் 2015இல் ஏற்றது. சரி, ஆனால் காகிதம் வேன் ஓட்டாது. நம் ஊருக்கு வரும் பிலிப்பினோ, உக்ரைன் பையன்களுக்காக வாரம் ஒரு மாலை வண்டி எடுக்க நான் தயார். கூட வர நாலு பேர் வேண்டும். ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும், ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓய்வுபெற்ற ஆயிலர்,
தூத்துக்குடி