பட்டன், பட்டன், பட்டன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. இதோ எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று நானும் நம்ம பாலு மாதிரி ஆகிவிட்டேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம், என் முழங்கால் தவிர. வசந்தா போன் பண்ணினாள். அதே வசந்தாதான், நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, "சரி, விவரமா அப்புறம் சொல்றேன்" என்று வைத்தாள். உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததை அவள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபம் தனியாக இருக்கிறது, அதை இன்னொரு நாள் பைசல் பண்ணுவோம்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அம்மா விஷயமாக. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா கேட்கிற ஒலிப்புத்தகம் விஷயம். சிரிக்கிறாய்தானே? சிரி. முழுக்கப் படித்துவிட்டுச் சிரி.

நீ வந்து தங்கிய அந்த ஒரு வாரம் ஞாபகம் இருக்கும். விழித்திரையின் நடுவில் இருக்கிற மாகுலா கெட்டுப்போன பிறகு அம்மாவுக்கு மிச்சம் இருப்பது ஓரப் பார்வைதான். வாசற்படி தெரியும், நாற்காலி தெரியும். நேரே பார்க்கிற இடத்தில்தான் ஒன்றும் இல்லை. எழுத்து இல்லை, எதிரே நிற்பவர் முகம் இல்லை. போனை அவள் கையில் கொடுத்து, "இதைப் பார்க்கவே வேண்டாம்மா. இயர்போன் பட்டனை ஒரு தட்டு தட்டினா நிக்கும். ரெண்டு தட்டினா அடுத்த அத்தியாயம். மூணு தட்டினா முந்தின அத்தியாயம்" என்று நீ சொல்லிக் கொடுத்தாயே, இரண்டு வருஷமாக அந்த ஒன்று, இரண்டு, மூன்றில்தான் அவள் வண்டி ஓடியது. ராத்திரிக்கு ஸ்லீப் டைமர் வேறு. அதையும் நிமிஷக் கணக்கில் வைக்காமல், "இந்த அத்தியாயம் முடிந்ததும் நிறுத்து" என்று நீதான் வைத்துக் கொடுத்தாய். பகலில் இரண்டு, ராத்திரி ஒன்று. "இன்னிக்கு முப்பத்தெட்டு ஆச்சு" என்று என்னிடம் வந்து கணக்குச் சொல்வாள். பரீட்சைக்குப் படிக்கிற பெண் மாதிரி.

போன மாதம் அவள் போன் அப்டேட் கேட்க ஆரம்பித்தது. ஒரு வாரமாகக் கேட்டது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட், தள்ளிப்போடாதே என்று எனக்கு ஓதி ஓதி வைத்திருப்பது யார்? நீ. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே அழுத்தினேன். எட்டரைக்குச் சக்கரம் சுற்ற ஆரம்பித்து ஒன்பதே காலுக்கு நின்றது. கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அப்டேட்டோடு கேட்கிற ஆப்பும் மாறிவிட்டது. முகப்பெல்லாம் பளபளவென்று இருக்கிறது. அட்டைப்படம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது, கண் தெரியாதவளுக்கு ரொம்ப உபயோகம். அத்தியாயப் பட்டியலை மட்டும் காணோம். 28 மணி நேரப் புத்தகம், 64 அத்தியாயம், எல்லாம் சேர்ந்து ஒரே நீளக் கயிறு.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வழக்கம்போல் காதில் மாட்டிக்கொண்டு படுத்தாள். அத்தியாயம் முடிந்ததும் நிற்க வேண்டும். புத்தகமே ஒரு அத்தியாயமாகிவிட்டால் எங்கே நிற்பது? விடிய விடியப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் கேட்டால் கதையில் யார் யாரோ புது ஆட்கள் பேசுகிறார்கள். சரி, பின்னால் போவோம் என்று மூன்று தட்டு தட்டியிருக்கிறாள். புத்தகத்தின் முதல் வரிக்குப் போய்விட்டது. பயந்துபோய் இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள். வேறு ஏதோ புத்தகம் பேச ஆரம்பித்துவிட்டது.

இவ்வளவும் எனக்கு எப்போது தெரிந்தது என்று கேள். 19 நாள் கழித்து.

அம்மா புகார் சொல்லவில்லை கோமதி. கேட்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். நானோ, அம்மா இப்போதெல்லாம் கூப்பிட்ட உடனே பதில் சொல்கிறாளே, காதில் ஒன்றும் மாட்டாமல் எங்களோடு வந்து உட்காருகிறாளே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. ஒரு நாள் பேச்சுவாக்கில், "எத்தனாவது அத்தியாயத்துல இருக்கே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான்தான்டி எதையோ தப்பா அழுத்திக் கெடுத்துட்டேன் போலிருக்கு. கோமதி அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தா. அவகிட்டச் சொல்லிடாதே" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவளிடம் நீ காட்டிக்கொள்ளாதே.

அன்றைக்கு ராத்திரி அந்தப் போனை எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். திரையில் விரல் படுவதை வாய்விட்டுச் சொல்கிற ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் செய்கிற மாதிரியே விரலால் துழாவினேன். என்ன சொன்னது தெரியுமா? "பட்டன்." அடுத்தது? "பட்டன்." அதற்கும் அடுத்தது? "பட்டன்." ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. படம் போட்டிருக்கிறார்கள், பார்க்க முடிந்தவர்களுக்குப் புரியும். பெயர் எழுதுவது ஒரு வரி வேலை என்று நீதானே ஒரு தடவை சொன்னாய்?

நகர்த்துகிற கோடு ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்து இழுத்தால் போதுமே என்பாய். நானும் அதைத்தான் நினைத்தேன். ஸ்கிரீன் ரீடரில் ஒரு தள்ளு தள்ளினால் பத்து சதவீதம் போகிறது. 28 மணி நேரத்தில் பத்து சதவீதம் என்றால் 2 மணி 48 நிமிஷம்! கண்ணைத் திறந்துகொண்டு விரலால் இழுத்தால் நிலைமை தேவலையா? அளவுகோலை வைத்தே பார்த்துவிட்டேன். அந்தக் கோடு ஆறு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கு 28 நிமிஷம். நம் விரல் நுனி எவ்வளவு தடிமன்? ஒரு குடும்பமே பிறந்து வளர்ந்து சண்டை போட்டுப் பிரிகிற தூரம் அதற்குள் அடங்கிவிடும்.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. தேடித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகக் கேசட் போட்டார்களே, அதில் ஒவ்வொரு அத்தியாயம் ஆரம்பிக்கிற இடத்திலும் அடிக்குரலில் ஒரு ஒலியைப் பதிந்து வைப்பார்களாம். சாதாரணமாக ஓடும்போது அது காதில் விழுந்தும் விழாமலும் போய்விடும். வேகமாகச் சுற்றினால் "பீப்" என்று கேட்கும். பீப், பீப் என்று எண்ணிக்கொண்டே போய் ஐந்தாவதில் நிறுத்தினால் ஐந்தாவது அத்தியாயம். கேசட்டில்! பென்சிலை விட்டுச் சுற்றினோமே நாம், அதே கேசட்டில். பிறகு டெய்சி என்று ஒரு முறை வந்தது. பல நாட்டு ஒலிநூலகங்கள் கூடி 1996-ல் அதற்கென்று ஒரு அமைப்பே தொடங்கியிருக்கின்றன. அதில் அத்தியாயம், உட்தலைப்பு, அச்சுப் புத்தகத்தின் பக்க எண் வரைக்கும் தாவிப் போகலாம். புத்தகத்தைப் புரட்டுவது என்பதும் படிப்பதில் சேர்த்திதான் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆப் செய்கிற உங்கள் ஆட்களுக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு பளபள முகப்பில் மறந்துபோயிற்று.

"உங்கள் ஆட்கள்" என்று உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன வருஷம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாயே, உங்கள் ஆப்பில் ஏதோ ஒரு வசதியைத் தூக்கிவிட்டோம், கொஞ்சப் பேர்தான் பயன்படுத்தினார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை என்று. நானும் கூடச் சிரித்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது யோசிக்கிறேன். என் அம்மாவும்தான் கேட்கவில்லை. தப்பு தன்னுடையது என்று நினைக்கிறவர்கள் எப்படிக் கேட்பார்கள்? அந்தக் கொஞ்சப் பேரில் எத்தனை பேர் இயர்போனைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களோ, உங்கள் கணக்கில் அது வருமா? உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

சரி, சண்டை போதும். ஒரு நல்ல சேதி சொல்கிறேன். அத்தியாயங்கள் எங்கேயும் போகவில்லை!

உனக்கு இது அரிச்சுவடி, எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அத்தியாயக் குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்குமாமே. எம்4பி என்று முடிகிற ஃபைலில் அதை எழுத இரண்டு வழி: நேரங்களைச் சின்னப் பட்டியலாக எழுதி வைக்கலாம், இல்லாவிட்டால் ஒலியோடு கூடவே ஓடுகிற தனி எழுத்துத் தடமாக வைக்கலாம். எம்பி3 என்றால் அது வேறு முறை. கேட்கிற ஆப் அதைத் தேடிப் படித்துக் காட்டினால் உண்டு. படிக்காவிட்டால், இருந்தும் இல்லாத மாதிரிதான். புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து எஃப்எஃப்எம்பெக் என்று ஒலி ஃபைல்களைப் பிரித்துப் பார்க்கிற, வெட்டுகிற மென்பொருளில் போட்டேன். வரிசையாக வந்து விழுந்தது பார், அத்தியாயம், ஆரம்பிக்கிற விநாடி, முடிகிற விநாடி. ஒன்றிலிருந்து எண்ணத் தெரியாத ஜென்மம், பூஜ்யத்தில் ஆரம்பித்து 63 வரைக்கும் காட்டியது. எண்ணிப் பார்த்தேன், 64-ம் இருந்தன. ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

பழைய ஆப்பைத் திரும்பப் போட முடியாது, அந்த வழியை அடைத்துவிட்டார்கள். எழுதிக் கேட்டதற்கு "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அதனால் வேறு வேலை செய்தேன். அந்த நேரக் கணக்கை வைத்தே புத்தகத்தை 64 துண்டாக வெட்டினேன். ஒலியை மறுபடி குறுக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டுவதால் தரம் குறையாது, நேரமும் பிடிக்காது. ஒவ்வொரு துண்டும் தனி ஃபைல். பாட்டு கேட்கிற சாதாரண ஆப்பில் போட்டால், இரண்டு தட்டுக்கு அடுத்த ஃபைல், அதாவது அடுத்த அத்தியாயம். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நிற்கிற மாதிரியும் வைத்துவிட்டேன்.

இதில் ஒரு கூத்து. பெயர் வைக்கும்போது 1, 2, 3 என்று வைத்துத் தொலைத்தேன். போன் அதை எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறது: 1, 10, 11, 12 என்று 19 வரை போய்விட்டு அப்புறம்தான் 2. சரியாகிவிட்டதா என்று அம்மா முதலிலிருந்து கேட்டுப் பார்த்தாள். ஒன்று முடிந்தது, இரண்டு தட்டு தட்டினாள். "ஏன்டி, இப்பத்தானே பொண்ணு பார்க்க வந்தான், அதுக்குள்ள குழந்தை அழறது?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். 20 நாளைக்கு அப்புறம். பிறகு 001, 002 என்று மாற்றினேன். உன்னைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாய், தெரியும். கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அவள் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தது இன்னும் வேடிக்கை. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அம்மாதான், "அந்தக் கடிதத்தைப் பிரிக்காம தலையணைக்கு அடியில வச்சுட்டா, அங்க நின்னுது. நாப்பத்தொண்ணு" என்றாள். போட்டேன். கடிதம், தலையணை, எல்லாம் அங்கேயே இருந்தது.

இப்போது 52-ல் இருக்கிறாள். ஆனால் முன்பு மாதிரி இல்லை. தட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குகிறாள். நேற்று, "இது மறுபடி மாறிடுமா?" என்று கேட்டாள். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். பாதுகாப்பு விஷயம், எத்தனை நாளைக்கு நிறுத்தி வைக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுது. நான் அன்றைக்கு, "இரும்மா, கோமதியைக் கேட்கிறேன்" என்று சொல்லித் தப்பித்தேன்.

லீவில் வருவதாகச் சொன்னாயே, வந்து தொலை. முழங்காலும் அம்மாவும் நானும் காத்திருக்கிறோம்.

உன்
சுந்தரி

பி.கு.: கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று 43-ல் வருகிறதாம். நீ அந்தப் புத்தகத்தைக் கேட்கப் போவதாக இருந்தால் அம்மாவிடம் பேச்சுக் கொடுக்காதே, முழுக்கச் சொல்லிவிடுவாள். 10-ம் அத்தியாயத்துக் குழந்தை யாருடையது என்பது உட்பட.