டஸ்கனியிலும் உம்ப்ரியாவிலும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

இத்தாலியின் இந்தக் குன்றூர்களை எங்கள் குழு நிதானமாகச் சுற்றிப் பார்த்தது உங்கள் தயவால்தான். நீங்கள் செய்ததை அப்படியே எழுதி நன்றி சொல்கிறோம். இனி போகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

வாடகைக் காரின் சாவியைக் கொடுக்கும்போதே வரைபடத்தில் பழைய நகர்ப்பகுதிகளை வட்டமிட்டுக் காட்டியவருக்கு முதல் நன்றி. மதிலுக்குள் பெரும்பாலும் அனுமதி பெற்ற வண்டிகள்தான் போகலாம். எல்லையில் சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகையும் கேமராவும் இருக்கும். தெரியாமல் நுழைந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும். வாடகை நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும். விடுதி மதிலுக்குள் இருந்தால் வண்டி எண்ணை அவர்களிடம் முன்பே கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். சியனாவில் சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்தில் காரை விட்டால் நகரும் படிகளே மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம்.

புகையிலைக் கடை அம்மாவுக்கும் நன்றி. பேருந்துச் சீட்டு அங்கேயே கிடைக்கும். ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். உள்ளூர் ரயிலின் காகிதச் சீட்டுக்கு ஏறுவதற்கு முன்பே குத்த வேண்டும். குத்தாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு என்பதையும் அவர்தான் எச்சரித்தார்.

சான் ஜிமிஞ்ஞானோவின் சாந்த் அகோஸ்தினோ ஆலயத்தில் சில்லறை மாற்றிக் கொடுத்த பெரியவரை மறக்க மாட்டோம். பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியர் பெனோத்சோ கோத்சோலி வரைந்த புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கைச் சுவரோவியங்கள் இருட்டில் கிடக்கும். பெட்டியில் காசு போட்டால் சில நிமிடம் விளக்கு எரியும். 50 சென்ட், 1 யூரோ காசுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர் ஆலயங்கள் நண்பகலில் மூடினால் பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் ஓவியங்களுக்குக் காலை, மலையேற்றத்துக்கும் சாப்பாட்டுக்கும் மதியம் என்று பிரிப்பதே சரி.

சியனா நகரவை மாளிகையில் அம்புரோஜோ லொரென்செத்தியின் நல்லாட்சி ஓவியத்தை (1338–39) எட்ட நின்று பார்த்து நகரவிருந்த எங்களை நிறுத்திய காவலருக்குத் தனி வணக்கம். சாரத்தில் நிற்கும் கொத்தனார்களையும், நகர வாசலுக்கு வெளியே ஒருவர் ஓட்டிவரும் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியையும் அவர் காட்டாவிட்டால் தவறவிட்டிருப்போம். அந்த இனப் பன்றி இன்றும் அங்கே வளர்க்கப்படுகிறது.

அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் மேல் ஆலயத்தில், ஓவியர் சிமாபுவேயின் சிலுவைக் காட்சி போட்டோ நெகட்டிவ் போலத் தெரிவது ஏன் என்று விளக்கிய துறவிக்கும் நன்றி. சிமாபுவே பூசிய ஈய வெள்ளை நிறம் நாளடைவில் வேதிமாற்றம் அடைந்து கறுத்துவிட்டது. 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் அதே மேல் ஆலயத்தின் கூரை இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து ஓவியம் தீட்டிய சுண்ணாம்புத் துணுக்குகளைப் பொறுக்கி, நிறம் பார்த்து ஒட்டவைத்த ஓவியச் சீரமைப்பாளர்களே, தீயணைப்பு வீரர்களே, தன்னார்வலர்களே, 1999இல் ஆலயம் மறுபடி திறந்தது உங்கள் உழைப்பால். எங்கள் மிகப் பெரிய நன்றி உங்களுக்கு.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்