பின்கட்டு மாமரமும் ஒரு கொடிக்கம்பியும்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்பு நண்பா,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். பினாங்கிலிருந்து நீ எழுதியது போன திங்கட்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்ததும், உன் ஆத்தா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இங்கே மழை ஒரு நாள் பெய்தால் ஒரு வாரம் ஓய்கிறது. ஊருணியில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர்.

பின்கட்டு மாமரம் வாடி வருகிறது என்று எழுதியிருந்தேனே, அந்தச் சங்கதிக்கு வருகிறேன். ‘இலையெல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு, போன வருஷம் கூடை கூடையாக் காய்ச்சதுன்னு எழுதினியே, திடீர்னு என்ன? எருப் போட்டுப் பாரு’ என்று கேட்டிருந்தாய். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. மரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான் கட்டிய கம்பி.

ஆத்தா துணி காயப்போடுவதற்காக, 1998இல் அந்த மாமரத்துக்கும் வேலியோரப் பனைக்கும் நடுவே கொடிக்கம்பி இழுத்துச் சுற்றி முறுக்கினேன். ஆத்தா போய் 9 வருஷம் ஆகிறது. கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை. மரம் பருத்தது, கம்பி பருக்குமா? பட்டைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அதற்கு மேலே அடிமரம் வீங்கி உதடு மாதிரிப் பிதுங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் கிணற்றடிக்குப் போய் வந்தேன். 30 வருஷம் தாவரவியல் நடத்தியவன், வருஷா வருஷம் கரும்பலகையில் அதே வீக்கத்தை வரைந்து காட்டியவன். இதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

நீ கணக்குப் படித்தவன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். வேரிலிருந்து தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும் மேலே ஏறுவது சைலம் வழியாக. அதில் தண்ணீர் ஏறும் குழாய்கள் உயிரற்றவை. நாம் கட்டை என்று சொல்வதே அதுதான். உங்கள் வீட்டு முகப்பில் நாம் கட்டிப்பிடித்துச் சுற்றிய பர்மா தேக்குத் தூண் இருக்கிறதே, அதுவும் ஒரு காலத்தில் அந்தக் காட்டு மழைநீரை உச்சிக்கு ஏற்றிய சைலம்தான். தேக்குத் துண்டின் வெட்டுவாயை உற்றுப் பார்த்தால் வரிசையாக ஊசித்துளைகள் தெரியும். உள்கட்டை இறுகி வைரம் பாய்ந்த பிறகு அந்தத் துளைகள் உள்ளுக்குள் அடைபட்டுவிடும். பிறகு அவை தண்ணீர் ஏற்றுவதில்லை, மரத்தைத் தாங்குவதோடு சரி.

எனக்கு இன்றும் பிரமிப்பு தருவது தண்ணீர் ஏறும் விதம். தரையில் வைத்த மோட்டார் 30 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்கத் திணறுவது உனக்குத் தெரியும். காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீரைத்தான் தாங்கும். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 115 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுகின்றன, மோட்டாரும் இல்லாமல் சத்தமும் இல்லாமல். இலையில் நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் நீர்த்துகள்கள் வேர் வரைக்கும் ஒரே இழையாக இழுபடுகின்றன. டிக்சன், ஜாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1894இல் டப்ளினில் இதைச் சொன்னார்கள். மரத்தின் உயிரணுக்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று நம் ஜெகதீஷ் சந்திர போஸ் 1923இல் எழுதினார். அது நிலைக்கவில்லை, ஆனால் அதைப் பாடம் நடத்தும் நாளில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இலை சமைத்த சர்க்கரை மட்டும் வேறு வழியில் போகிறது. ஃபுளோயம் என்கிற அந்தத் திசு உயிருள்ளது, மெல்லியது, பட்டைக்கு உட்புறம் ஒட்டிக் கிடப்பது. வேருக்கும் காய்க்கும் கொழுந்துக்கும் சாப்பாடு அதன் வழியாகத்தான். கம்பி நெரித்தது அதை. இறங்கிய சர்க்கரை கம்பிக்கு மேலேயே தேங்கியதால் வீக்கம். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மல்பீகி என்ற விஞ்ஞானி பட்டையை வளையமாக உரித்து இதே வீக்கத்தைக் கண்டிருக்கிறார். உள்ளே சைலம் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்ததால் இலை பச்சையாக இருந்து நம்மை ஏமாற்றியது. போன வருஷம் கூடை கூடையாகக் காய்த்ததும் அதனால்தான். வேருக்குச் சேர வேண்டியது மேலேயே நின்று காயாகிவிட்டது. தெருவுக்கெல்லாம் பங்கு வைத்து மகிழ்ந்தோம், வேர் பட்டினி கிடந்திருக்கிறது.

எருப் போடுவதில் பயனில்லை. மண்ணிலுள்ள உப்புகளை உள்ளே வாங்குவதற்கு வேருக்குத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு இலையிலிருந்து வரும் சர்க்கரையில்தான் இருக்கிறது.

பனைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றுமே ஆகவில்லை! அதே கம்பி, அதே முறுக்கு. உள்ளே வைரமுள்ளது மரம், வெளியே வைரமுள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்ததே, அந்தக் கணக்கில் பனை ஒரு புல். அதில் நீர்க்குழாயும் உணவுக்குழாயும் ஜோடி ஜோடியாகத் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பட்டைக்கடியில் ஒரே வளையமாக இல்லை. மாமரம் போல வருஷா வருஷம் பருப்பதும் இல்லை, அதனால் கம்பி அதைக் கடிக்கவே இல்லை. பாளையைச் சீவினால் சொட்டும் பதநீர் அந்த உணவுக்குழாய்ச் சாறுதான். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து ஓலைப்பட்டையில் ஊற்றிக் குடித்தோமே, மரம் தனக்கென்று வைத்திருந்த சோறு அது.

கம்பியை வெட்டி எடுத்துவிட்டேன். போன வாரம் தோட்டக்காரரும் நானும் சேர்ந்து, செத்த பட்டையைச் சுத்தமாகச் சீவி, அதே மரத்தில் பென்சில் கனக் குச்சிகள் 5 வெட்டி, காயத்துக்கு மேலும் கீழும் உயிருள்ள பட்டைக்குள் செருகி, சிறு ஆணி அடித்து மெழுகு பூசியிருக்கிறோம். குச்சி தலைகீழாகிவிடக் கூடாது, அடி அடியாகவே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் சர்க்கரை இந்தப் பாலங்கள் வழியே இறங்கும். துளிர் விட்டால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாலம் கிளையாகிவிடும்.

இன்று காலை பார்த்தேன். இரண்டு குச்சிகள் கறுத்துவிட்டன. மூன்று இன்னும் தோல் சுருங்காமல் இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு வருவதாக எழுதியிருக்கிறாயே, நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடு. அதற்குள் தெரிந்துவிடும்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்